விற்கப்போகும் வீட்டின் முன்தோட்டம்: கோளாறு என்ன, எந்தப் பருவத்தில் எப்படிச் சரிசெய்வது?

வீட்டை விற்க முடிவெடுத்ததும், முன்பக்கத்தைக் கொஞ்சம் அழகாக்கலாம் என்று பலரும் நேரே நர்சரிக்குப் போய்ப் பூச்செடிகளை அள்ளிக்கொண்டு வருகிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. வாங்க வருகிறவர் பூ இல்லையே என்று வருத்தப்படுவதில்லை. புல், புதர், தரை, சுவர் எதையும் யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் அவர் கண்ணில் படுகிறது. வெளியே இப்படி விட்டவர் உள்ளே குழாயையும் ஒயரையும் எப்படி வைத்திருப்பாரோ என்ற சந்தேகம் கேட்டருகிலேயே வந்துவிடும்.

இன்னொரு சிக்கல், தோட்டத்தில் எதையும் நினைத்த நாளில் சரிசெய்ய முடியாது. பருவம் ஒத்துழைக்க வேண்டும். ஒத்துழைக்காத பருவத்தில் வளர்ச்சியை நம்பி இறங்கினால் பணம் வீண். அப்போது வெட்டுவது, அகற்றுவது, கழுவுவது, மூடாக்குப் போடுவது (மண்ணைப் பட்டைத்தூள், சருகு போன்றவற்றால் மூடுவது) போன்ற வேலைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கீழே உள்ளவற்றில் உங்கள் வீட்டுக்குப் பொருந்தும் அறிகுறியை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

அதற்கு முன் ஒரு சோதனை. தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று, போனை நெஞ்சளவு உயரத்தில் பிடித்து வீட்டை முழுசாக ஒரு படம் எடுங்கள். தினமும் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தப்பியதெல்லாம் படத்தில் மாட்டும்: சுருட்டாமல் கிடக்கும் ஹோஸ், விளிம்பு உடைந்த தொட்டி, கேட்டின் ஓரம் முளைத்த களை. அப்புறம் அதே படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறம் போனதும் வடிவம் மட்டும் மிஞ்சும். வாசல் கதவு சட்டென்று தெரிகிறதா, இல்லை ஒரு கரும்புதர்தான் தெரிகிறதா? இந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

புல்தரை மஞ்சளாக அல்லது பழுப்பாக இருக்கிறது

உரம் போடு, தண்ணீர் விடு என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். காரணம் தெரியாமல் இரண்டையும் செய்தால் நிலைமை மோசமாகும். குனிந்து உட்கார்ந்து புல்லைப் பக்கத்தில் பாருங்கள்.

ஒரு கைப்பிடி புல்லைப் பற்றி இழுத்துப் பாருங்கள். வேரில்லாமல் கையோடு வந்துவிட்டால் அடியில் ஏதோ தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். நான்கு விரல் ஆழம் தோண்டினால், வளைந்து சுருண்டு கிடக்கும் வெள்ளை வேர்ப்புழுக்கள் அகப்படலாம். அந்தப் பகுதியைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம். புழுவை ஒழித்துவிட்டு, திட்டை வெட்டி எடுத்துப் புதுப் புல் பதிக்க வேண்டியதுதான்.

இழுத்தும் வராமல் உறுதியாக நின்றால் அடித்தண்டை நகத்தால் பிரியுங்கள். உள்ளே வெள்ளையோ வெளிர்பச்சையோ தெரிந்தால் புல் சாகவில்லை, உறக்கத்தில் இருக்கிறது. குளிர் நாட்டுப் புல்வகைகளான ரை, ஃபெஸ்க்யூ, கென்டக்கி புளூகிராஸ் ஆகியவை கடும் கோடையில் இப்படிப் பழுப்பாகும். பெர்முடா, சோய்சியா போன்ற வெப்பநாட்டு வகைகள் குளிரில் வைக்கோல் நிறத்துக்கு மாறும். உறங்கும் புல்லுக்கு உரம் போட்டு எழுப்பப் பார்ப்பது வீண் வேலை. பெர்முடா புல்தரை உள்ளவர்கள் குளிர்காலத்தில் வீட்டைக் காட்ட வேண்டியிருந்தால், குளிர் தொடங்கச் சில வாரங்கள் இருக்கும்போதே அதன்மேல் ரை விதையைத் தூவிவிடலாம். பெர்முடா உறங்கும் மாதங்களில் ரை பச்சையாக நிற்கும். அந்த நாட்களைத் தவறவிட்டால், புல்லை ஒரே சீராக வெட்டி, விளிம்பை நேராக்கி, சருகை வாரிவிடுங்கள். சீரான பழுப்பு அவ்வளவு மோசமாகத் தெரியாது. பச்சையும் பழுப்பும் திட்டுத்திட்டாகக் கலந்து கிடப்பதுதான் கண்ணை உறுத்தும்.

நுனி மட்டும் வெளுத்திருக்கிறதா? ஒரு இலையைப் பறித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுனி நார்நாராகக் கிழிந்திருந்தால் நோயுமில்லை, சத்துக்குறைவுமில்லை. புல்வெட்டி மெஷினின் பிளேடு மழுங்கிவிட்டது. அது வெட்டாமல் பிய்க்கிறது. பிய்ந்த நுனி காய்ந்து, தூரத்திலிருந்து பார்த்தால் தரை முழுக்க சாம்பல் பூத்தது மாதிரி தெரியும். பிளேடைச் சாணை பிடித்து இரண்டு தடவை வெட்டினால் சரியாகிவிடும். இந்தப் பட்டியலிலேயே மலிவான வைத்தியம் இதுதான், பலரும் கடைசியில்தான் இதற்கு வருகிறார்கள்.

முதிர்ந்த அடி இலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறைவு. புது இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு, காரத்தன்மை கூடிய மண்ணில் இது சகஜம். புல் வளர்கிற பருவமாக இருந்தால், சீக்கிரம் கரையும் தழைச்சத்து உரத்துக்கு ஒன்றிரண்டு வாரத்தில் பலன் தெரியும். போட்டவுடன் தண்ணீர் விடாவிட்டால் இலை கருகும். இரும்பு சல்பேட் கரைசல் தெளித்தால் சில நாட்களிலேயே நிறம் ஏறும். ஆனால் அது நடைபாதையில் சிந்தினால் துருக்கறை பிடித்துவிடும். சிமென்ட் தரையில் அந்த ஆரஞ்சுக் கறையைப் போக்குவது புல்லைப் பச்சையாக்குவதைவிடக் கஷ்டம். தெளிக்கும் முன் நடைபாதையை நனைத்து, ஓரத்தில் ஒரு தார்ப்பாயை விரித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் அளவுக்குப் பொதுவாக வாரத்துக்கு 25 மி.மீ. என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம், மழையையும் சேர்த்து. புல்தரையில் ஒரு காலி டப்பாவை வைத்துவிட்டு ஸ்பிரிங்க்ளரைத் திறந்தால், எவ்வளவு நேரத்தில் எவ்வளவு சேர்கிறது என்று தெரிந்துவிடும். தினமும் கொஞ்சமாகத் தெளிப்பதைவிட வாரத்தில் ஒன்றிரண்டு தடவை அதிகாலையில் ஆழமாக நனைப்பது மேல்.

நடுவில் வட்டவட்டமாகக் காய்ந்திருக்கிறது

வட்டத்தின் நடுவே செத்துப்போய், சுற்றிலும் வளையமாக மற்ற இடங்களைவிடக் கரும்பச்சையாக இருந்தால் நாய் சிறுநீர் கழித்த இடம். அதிலுள்ள நைட்ரஜனும் உப்பும் நடுவில் சுட்டுவிடுகின்றன, விளிம்பில் அதுவே உரமாகிவிடுகிறது. தண்ணீரை நிறைய விட்டு உப்பைக் கீழே இறக்கி, மேல்மண்ணைக் கிளறி, அந்த இடத்துக்கு மட்டும் ஒட்டுப்போடுங்கள்.

ஒட்டுக்கு விதையா, பதிக்கும் புல்லா? நாளைக் கணக்குப் பாருங்கள். ரை விதை ஏறக்குறைய ஒரு வாரத்தில் முளைக்கும், புளூகிராஸ் இரண்டிலிருந்து நான்கு வாரம் எடுத்துக்கொள்ளும். முளைத்த பிறகு தரை நிரம்பி வெட்டுகிற நிலைக்கு வர இன்னும் சில வாரம். விளம்பரப் படம் எடுக்க ஒன்றரை மாதத்துக்குக் குறைவாக இருந்தால் விதையை மறந்துவிட்டுப் புல்சுருள் (வேரோடும் மண்ணோடும் சுருட்டி விற்கும் புல்) வாங்குங்கள். வந்து இறங்கிய அன்றே பதித்துவிட வேண்டும், அடுக்கி வைத்தால் உள்ளே சூடேறி மஞ்சளாகும். இரண்டு வாரம் கழித்து ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். தூக்க வரவில்லையென்றால் வேர் பிடித்துவிட்டது. உச்சக் கோடையிலும் மண் உறையும் குளிரிலும் இதைச் செய்ய வேண்டாம்.

பிளாஸ்டிக் புல்லை விரித்து மூடிவிடலாம் என்ற யோசனை வந்தால் அதைத் தள்ளிவையுங்கள். படத்தில் ஏமாற்றும், நேரில் வந்து காலை வைத்ததும் தெரிந்துவிடும்.

புதர் மண்டி வாசலும் ஜன்னலும் மறைந்துவிட்டன

பருவம் எதுவானாலும் செய்ய முடிந்த, பலன் அதிகமுள்ள வேலை இதுதான். ஜன்னலுக்குக் கீழே உள்ள செடி ஜன்னல் விளிம்புக்கு மேல் போகக்கூடாது. நடைபாதையில் இரண்டு பேர் தோள் உரசாமல் நடக்க இடம் வேண்டும். மரத்தின் கிளைகள் தலைக்கு நன்றாக மேலே இருக்க வேண்டும். இவ்வளவும் ஆனபிறகு வீடே பெரிதாகிவிட்டது போலத் தோன்றும், உள்ளே வெளிச்சமும் கூடும்.

எப்படி வெட்டுவது என்பதில்தான் தவறு நடக்கிறது. வேலிப்புதரை மேலே அகலமாகவும் அடியில் ஒடுக்கமாகவும் வெட்டினால் கீழ்க்கிளைக்கு வெயில் படாது, சில மாதத்தில் அடி மொட்டையாகிக் குச்சிகள் தெரியும். மேலே கொஞ்சம் ஒடுக்கியே வெட்டுங்கள். ஊசியிலை வகைகளில் இலையே இல்லாத பழைய கட்டைவரை வெட்டிவிட்டால் பெரும்பாலானவை அங்கிருந்து திரும்பத் துளிர்க்காது. அந்த ஓட்டை வீடு விற்றபின்னும் அப்படியே நிற்கும். அளவுக்கு மீறி வளர்ந்த ஊசியிலைச் செடியை வேரோடு எடுத்துவிடுவதே நல்லது.

மரக்கிளை தடிமனாக இருந்தால் மூன்று வெட்டு. முதலில் அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் பாதிவரை அறுங்கள். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்து எடையை இறக்குங்கள். கடைசியில் மிச்சமுள்ள கட்டையை, கிளை அடிமரத்தோடு சேரும் தடித்த வளையத்துக்கு வெளியே ஒட்டினாற்போல் எடுங்கள். வளையத்தை வெட்டிவிட்டால் காயம் ஆறாது. மேலே பெயின்ட் பூசத் தேவையில்லை. மரத்தின் தலையை மட்டமாக வெட்டித் தள்ளுவதை மட்டும் யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது மொட்டையாகத் தெரிவதோடு, பிறகு கிளம்பும் குச்சிக் கிளைகளும் பலமாக ஒட்டியிருக்காது. வசந்தத்தில் வெட்டும்போது உள்ளே குருவிக்கூடு இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சுவரில் ஏறிய கொடியை இழுத்துப் பிய்க்காதீர்கள், பெயின்டும் பூச்சும் சேர்ந்து வரும். அடியில் வெட்டி, காய விட்டு, சில வாரம் கழித்து எடுங்கள். பற்றுவேரின் தடம் அப்போதும் இருக்கும். அதைச் சுரண்டித் தேய்த்துப் பெயின்ட் அடிக்க நேரம் இல்லையென்றால் கொடியைச் சீராக வெட்டி அப்படியே விட்டுவிடுவது உத்தமம்.

பூக்க வேண்டிய செடி பூக்கவில்லை

போன தடவை எப்போது கவாத்து செய்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். வசந்தத்தில் பூக்கும் புதர்கள் மொட்டை முந்தைய ஆண்டுக் கிளையிலேயே உருவாக்கி வைத்திருக்கும். குளிர்கால முடிவில் ஒழுங்குபடுத்துகிறேன் என்று வெட்டினால் அந்த ஆண்டின் பூ முழுவதும் குப்பைக்குப் போய்விடும். இவற்றைப் பூத்து முடிந்ததும் வெட்ட வேண்டும். கோடையில் புதுத்தளிரில் பூப்பவைகளுக்கு நேர்மாறு, குளிர்கால முடிவுதான் சரியான நேரம்.

காகிதப்பூ எனும் போகன்வில்லா இலையாகவே தள்ளிக்கொண்டு போனால் அது சுகமாக இருக்கிறது என்று அர்த்தம். தண்ணீரும் தழைச்சத்தும் அதிகம். உரத்தை நிறுத்தி, மண் காய்ந்தபின் மட்டும் தண்ணீர் விட்டு, நாளுக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேர்வெயில் படும்படி பார்த்துக்கொண்டால் பூக்கத் தொடங்கும். வெயில் வராத மூலையில் இருந்தால் எதுவும் உதவாது.

விற்பனை நெருங்கிவிட்டது, பூவும் இல்லை என்றால் அந்தச் செடியோடு மல்லுக்கட்டாமல் பூத்த தொட்டி இரண்டை வாங்கி வாசலில் வையுங்கள்.

வாங்கி வைத்த தொட்டிச்செடி ஒரே வாரத்தில் வாடுகிறது

பெரும்பாலும் தொட்டி சிறியதாக இருக்கும். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி வெயிலில் வேரை அவித்துவிடும். அடுத்த காரணம் கொஞ்சம் ஏமாற்றுவது: தண்ணீர் ஊற்றுகிறீர்கள், அடித்துளை வழியாக வெளியேயும் வருகிறது, ஆனாலும் செடி வாடுகிறது. ஒரு தடவை முற்றிலும் காய்ந்துபோன தென்னைநார்க் கலவையும் பீட் (சதுப்புநிலத் தாவர மட்கு) கலவையும் எளிதில் தண்ணீரை ஏற்காது. ஊற்றியது கலவைக்கும் தொட்டிச்சுவருக்கும் இடையே இறங்கி ஓடிவிடும். விரலை உள்ளே விட்டால் நடுவில் உலர்ந்து கிடப்பது தெரியும். தொட்டியோடு ஒரு வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் அமிழ்த்தி வையுங்கள், குமிழி வருவது நிற்கும்வரை.

வாங்கும்போதே முழுக்கப் பூத்ததை விட்டு மொட்டு அதிகமுள்ளதாக எடுங்கள். பூத்துத் தள்ளிய செடி நர்சரியில் அழகாக இருக்கும், வீட்டுக்கு வந்ததும் உதிர்த்துவிடும். கோடைக்கு நித்தியகல்யாணி, துலுக்கச் சாமந்தி (மேரிகோல்டு) வகைகள் தாங்கும். பேன்ஸி குளிர்ந்த பருவத்துக்கு உரியது, வெயில் ஏறினால் துவண்டுவிடும். சின்னத் தொட்டி பத்தைப் பரப்புவதைவிட வாசலின் இருபக்கமும் இரண்டு பெரிய தொட்டி என் தேர்வு. எட்டத்திலிருந்து தெரியும், தண்ணீர் விடுவதும் சுலபம்.

மழை பெய்தால் முன்பக்கம் கெட்டுப்போகிறது

தண்ணீர் எங்கே நிற்கிறது என்று மழை விட்டதும் போய்ப் பாருங்கள். வீட்டுச் சுவரிலிருந்து தரை வெளிப்பக்கம் சாய வேண்டும். 3 மீட்டர் தூரத்துக்குள் 15 செ.மீ. இறங்கினால் நல்லது. வருடக்கணக்கில் பாத்திக்கு மண்ணும் மூடாக்கும் போட்டுப் போட்டு அது சுவர்ப் பக்கம் உயர்ந்து, தண்ணீர் பாத்திக்கும் சுவருக்கும் நடுவே சிக்கிக்கொள்வது உண்டு. அதை வெட்டி இறக்குங்கள். மொட்டை மாடிக் குழாய் சுவரோரமே கொட்டினால் ஒரு நீட்டுக் குழாய் போதும். வெப்பமான நாட்களில் தேங்கிய தண்ணீரில் கொசு முட்டை முழுக் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள்தான் ஆகும். வீடு பார்க்க வந்தவரைக் கொசு கடித்தால் மற்றதெல்லாம் பார்த்தும் பயனில்லை.

சுவரின் அடியில் சேறு தெறித்த வரி தெரிந்தால் அங்கே வெறும் மண் இருக்கிறது. சரளைக்கல் ஒரு பட்டை போட்டால் தெறிப்பு நிற்கும். மரத்தூள், பட்டை மூடாக்கைச் சுவரை ஒட்டிப் போட வேண்டாம், ஈரமும் கரையானும் வரும். ஒரு ஜாண் இடைவெளி விடுங்கள். மற்ற இடங்களில் 5 முதல் 8 செ.மீ. கனம் போதும். மரத்தடியில் மேடாகக் குவிப்பது எங்கும் காணக்கிடைக்கும் தவறு, அடிப்பட்டை அழுகிவிடும். அடிமரம் மண்ணோடு சேரும் இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். சாயம் ஏற்றிய சிவப்பு மூடாக்கு எனக்குப் பிடிப்பதில்லை. அது செடியைவிடத் தன்னைத்தான் காட்டிக்கொள்ளும், போட்டவுடன் மழை வந்தால் நடைபாதையில் சாயமும் இறங்கும்.

செங்கல் சுவரில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் தண்ணீர் ஊற்றித் தேய்க்காதீர்கள். உப்பு கரைந்து உள்ளே போய், காய்ந்ததும் திரும்ப வரும். காய்ந்த பிரஷால் தேய்த்து எடுத்துவிட்டு, சுவரில் ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்று தேடுங்கள். பாதிக்குப் பாதி சுவரில் படும்படி திரும்பியிருக்கும் ஸ்பிரிங்க்ளர் அல்லது ஒட்டிவைத்த தொட்டிகள்தான் காரணமாக இருக்கும். அதையும் மீறி வந்தால் அது தோட்டத்தின் பிரச்சினையே இல்லை. செடி வைத்து மறைக்காதீர்கள். பரிசோதிக்க வருகிறவர் முதலில் செடியைத்தான் விலக்கிப் பார்ப்பார், பல இடங்களில் தெரிந்த குறையை மறைத்து விற்பது வழக்கில் போய் முடியும்.

பேவர் கற்களில் பாசி என்றால் கெட்டி பிரஷ். பிரஷர் வாஷர் பயன்படுத்தினால் முனையைத் தள்ளியே பிடியுங்கள், இல்லாவிட்டால் இடுக்கிலுள்ள மணல் பறந்துவிடும். இடுக்கில் வளரும் களைக்குக் கொதிநீர் ஊற்றலாம். உப்பு தூவினால் பக்கத்துப் பாத்தியும் சேர்ந்து போகும். களைக்கொல்லி தெளிப்பதென்றால் நாளை யோசித்துச் செய்யுங்கள். வேரோடு கொல்லும் வகைகளில் செடி பழுப்பாகிக் காய ஒன்றிரண்டு வாரம் ஆகும், அந்த நாட்களில் பச்சைக் களையைவிட அசிங்கமாக இருக்கும்.

குளிர்காலம், எல்லாம் மொட்டையாக இருக்கிறது

இங்கே நடுவதற்கு எதுவுமில்லை. ஈரச் சருகு புல்மேல் படிந்து கிடந்தால் அடியில் புல் அழுகும். வாரிவிடுங்கள், லேசாக இருந்தால் புல்வெட்டியாலேயே பொடியாக்கிவிடலாம். காய்ந்த பூந்தண்டுகளை வெட்டி, பாத்தி விளிம்பை மண்வெட்டியால் நேராகக் கீறி, புது மூடாக்குப் போட்டாலே இடம் பராமரிப்பில் இருக்கிறது என்று தெரியும். பசுமை மாறாத செடி இரண்டு வாசலுக்கு வேண்டும். சீக்கிரம் இருட்டிவிடுவதால் வீடு பார்ப்பது விளக்கு வெளிச்சத்தில்தான் நடக்கும். நடைபாதையில் மஞ்சள் ஒளி தரும் விளக்குகள் செடியைவிட உதவும். பனியில் வழுக்காமல் இருக்க உப்பு தூவினால் பாத்திப் பக்கம் தள்ளி ஒதுக்காதீர்கள், மணல் இன்னும் நல்லது.

எல்லாம் செய்தும் ஏதோ ஒட்டவில்லை

நேற்றுத்தான் நட்டது என்று காட்டிக்கொடுப்பது இடைவெளி. சின்னச் செடியை அரை மீட்டருக்கு ஒன்றாக வரிசையில் நட்டால் பாத்தி வெறுமையாகவே தெரியும். அதே செடிகளை வாசலருகே ஒரே கூட்டமாகச் சேர்த்து, மிச்ச இடத்தை மூடாக்கால் நிரப்புங்கள். ஒரே நிறத்தில் அல்லது இரண்டு நிறத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். சிலை, குள்ள பொம்மை, காற்றாடி எல்லாம் பெட்டிக்குள் போகட்டும்.

நேரில் நன்றாக இருக்கிறது, படத்தில் வரவில்லை

வெயில் திசை. கிழக்கு பார்த்த முகப்பைக் காலையிலும் மேற்கு பார்த்ததை மாலையிலும் எடுக்க வேண்டும். நாள் முழுக்க நிழலிலேயே இருக்கும் முகப்புக்கு மேகமூட்டமான பகல் பொருந்தும், அல்லது உள்விளக்குகளைப் போட்டுவிட்டு அந்தி நேரம். காரையும் குப்பைத்தொட்டியையும் நகர்த்திவிட்டு எடுங்கள். அடுத்த ஆண்டுதான் விற்கப்போகிறீர்கள் என்றால் தோட்டம் உச்சத்தில் இருக்கும்போது இப்போதே படம் எடுத்து வையுங்கள். குளிர்காலத்தில் அதைச் சேர்க்கும்போது எந்த மாதம் எடுத்தது என்று கீழே போட்டுவிட்டால் நேரில் வருகிறவர் ஏமாந்ததாக நினைக்கமாட்டார்.

விற்க நாளாகிறது, பருவமே மாறிவிட்டது

தோட்டத்தைத் திரும்பத் தொடாதீர்கள். வாசல் தொட்டிச் செடியை மட்டும் புதுப் பருவத்துக்கு மாற்றி, விளம்பரத்தில் முதல் படத்தையும் மாற்றுங்கள். பூ உதிர்ந்த படத்தையோ பனி மூடிய படத்தையோ கோடையிலும் வைத்திருந்தால், எத்தனை மாதமாக விற்காமல் கிடக்கிறது என்று பார்ப்பவரே கணக்குப் போட்டுவிடுவார். ஆளில்லாத வீடென்றால் தண்ணீருக்கு டைமரும், புல் வெட்ட வாரம் ஒரு ஆளும் ஏற்பாடு செய்யுங்கள். ஒரு தடவை வெட்டும்போது புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவையுங்கள். இரண்டு வாரம் விட்டு ஒட்ட வெட்டினால் தரை மஞ்சளாகும்.

கூடவே எடுத்துப்போக ஆசைப்படும் செடி ஏதாவது இருந்தால் முதல் படம் எடுக்கும் முன்பே அதைத் தோண்டித் தொட்டிக்கு மாற்றி, பின்பக்கம் கொண்டுபோய் வையுங்கள். தரையில் நட்டது பொதுவாக வீட்டோடு சேர்ந்ததாகவே கருதப்படும், படத்தில் பார்த்ததை வாங்குபவர் கேட்பார். வாசல் தொட்டிகள் யாருக்கு என்பதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.